சிரித்த முகம் போட்ட மெயில்

அடுத்தவர் வீட்டில் எரிகிற விளக்கை மெயில் எழுதி அணைக்க வைப்பதுதான் என் தொழில். கேட்கவே வேடிக்கையாக இருக்கும். யாரும் கூப்பிடாமல், யாரும் கேட்காமல், மாதம் ஒரு தடவை யோசனை சொல்கிற வேலை. சொந்தப் பிள்ளைக்கு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது தாண்டாதவன். கரண்டு மரம் ஏறி ஆரம்பித்து, கடைசி முப்பது வருஷம் காரைக்காலிலும் சுத்துப்பட்டிலும் வீடு வீடாக மீட்டர் கணக்கு எடுத்தவன். பேர் கலியபெருமாள். வெறும் கலியபெருமாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மீட்டர் கலியபெருமாள் என்றால் பஸ் ஸ்டாண்டில் கூட வழி சொல்வார்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தபோது ஒரு சின்ன கம்பெனி ஊருக்கு வந்தது. கரண்டு ஆபீஸ் கொடுக்கிற கணக்கை வைத்து, வீடுகளில் கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லி மெயில் அனுப்புவது அவர்கள் வேலை. நடத்துகிறவர் ஜெயந்தி மேடம். பாண்டிச்சேரிக்காரர், பெரிய படிப்பு, நாற்பது நாற்பத்திரண்டு வயசு இருக்கும். “ஐயா, நான் எழுதுறேன், நீங்க சத்தமா படிச்சுப் பாருங்க. உங்க நாக்கு எங்க இடறுதோ அந்த இடத்தை மாத்திடுறேன்” என்றார். நாக்கு இடறுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை வேறு யாருக்குக் கிடைக்கும்? சேர்ந்துவிட்டேன். ஒரு வருஷம் சோதனை. யூனிட் குறைந்தால் வேலை நீளும், குறையாவிட்டால் ஆபீசைப் பூட்ட வேண்டியதுதான்.

இதில் பட்ட பாடு பெரும்பாலும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். ஒரே ஒரு வீட்டு விஷயம் மட்டும் அப்படி இல்லை. என் பேரைப் போட்டுப் போன மெயில் அந்த வீட்டு அம்மாவின் உயிரோடு விளையாடிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மரியாதையான திட்டு

நான் சேருவதற்கு முன்னாலேயே முதல் மெயில் போய்விட்டது. “மதிப்பிற்குரிய நுகர்வோர் அவர்களுக்கு, தங்கள் இல்லத்தின் மின் நுகர்வானது கவனத்திற்குரிய நிலையில் உள்ளதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று ஆரம்பம். நான் போய் உட்கார்ந்த முதல் நாள், நாற்காலி சூடாவதற்குள் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்து நின்றார். மெயிலைக் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அது நிறைய பழைய கரண்டு ரசீது.

உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஃபியூஸ் பிடுங்க என்றைக்கு வருகிறீர்கள், கடையில் ஐஸ்கிரீம் பெட்டி இருக்கிறது, அதற்குள் அதைக் காலி பண்ண வேண்டும் என்றார். இது நோட்டீஸ் இல்லை, சும்மா ஒரு யோசனைக்குத்தான் என்று ஜெயந்தி மேடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவர் காகிதத்தை விரித்து இன்னொரு தடவை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “நீங்க தெரிஞ்ச ஆளுதானே மீட்டர்காரரே, நேராவே திட்டிட்டுப் போங்க. எதுக்கு இவ்வளவு மரியாதையாத் திட்டுறீங்க?”

அடியில் என் பேர்

அன்றைக்கே மெயிலை வீட்டுத் தமிழுக்கு இறக்கினோம். அப்படியும் திறந்து பார்த்தவர்கள் சொற்பம். மெயிலை யார் திறந்தார்கள், யார் திறக்காமல் தள்ளினார்கள் என்று மேடத்தின் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “கம்பெனி பேர்ல போனா யாரும் தொட மாட்டேங்கிறாங்க ஐயா. உங்க பேர்ல அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே சரி என்று சொல்ல வரவில்லை. மீட்டர்காரனுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. ஒரு வீட்டில் ஆள் வந்திருக்கிறதா, போயிருக்கிறதா, புதுசாக என்ன வாங்கினார்கள், எந்த ரூம் பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் மீட்டரைப் பார்த்தாலே தெரியும். தெரிந்ததை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஜெய்னம்பு அம்மா என்று ஒருவர். கணக்கெடுக்கப் போனால் ஒரு டம்ளர் மோர் வந்துவிடும். ஒரு தடவை என்னைச் சோதித்துப் பார்ப்பதற்காக, பக்கத்து வீட்டில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று கேட்டார். “அந்த மீட்டரைத்தான்ம்மா கேக்கணும்” என்றேன். “வாயை மூடத் தெரிஞ்ச ஆளு, அதனாலதான் மோர் தர்றேன்” என்று சிரித்தார். அந்த நம்பிக்கையில்தான் முப்பது வருஷம் எல்லா வாசலிலும் நுழைந்தேன்.

இதையெல்லாம் மேடத்திடம் சொன்னேன். பேர் சொல்ல மாட்டோம், அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து சராசரி இவ்வளவு, உங்கள் வீடு இவ்வளவு என்று மட்டும் போடுவோம் என்றார். அதோடு ஒரு முகம். குறைவாக ஓடினால் சிரித்த முகம், கூட ஓடினால் வாடின முகம், நடுவில் இருந்தால் சும்மா ஒரு முகம். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ‘அன்புடன், மீட்டர் கலியபெருமாள்’ என்று அடியில் போட்டார்கள். மறுவாரமே மெயில் மளமளவென்று திறந்தது. நெரவிப் பஞ்சாயத்தில் ஒரு விவசாயி, உரக்கடை வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: “நீங்கன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா அப்பவே படிச்சிருப்பேன். மூஞ்சி தெரியாதவன் எங்க வீட்டு லைட்டைப் பத்தி எழுதினா நான் எதுக்குப் படிக்கணும்?”

ஜன்னல்

மெயிலில் மாதம் மூன்று யோசனை இருக்கும். அதில் ஒன்று முழுக்க முழுக்க என்னுடையது. ‘சாயங்காலம் ஏசியைப் போடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கடல் காற்று வீடு வரைக்கும் வரும்.’ எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. எல்லா வீட்டுக்கும் அதையே அனுப்பினோம். கீழவாஞ்சூர்ப் பக்கம் லாரி போகிற ரோட்டில் இருக்கிற வீடுகளுக்கும் போனது. ஒரு நாள் அந்த வழியாகப் போனேன். ஒரு அம்மா கையைத் தட்டிக் கூப்பிட்டார். வாசலில் நிற்க வைத்தே, மூடியிருந்த ஜன்னல் கட்டையில் விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்து, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: “காலையிலதான் தொடைச்சேன். இதைப் படம் புடிச்சு அடுத்த மெயில்ல உங்க பேருக்குப் பக்கத்துல வைங்க.”

அண்ணன் தம்பி

எந்த மெயிலுக்கு ஜனங்கள் மசிகிறார்கள் என்று பார்ப்பதற்காக மேடம் பாதி வீட்டுக்கு ஒரு விதமாகவும் மீதிக்கு வேறு விதமாகவும் அனுப்புவார். ஒன்றில் அக்கம்பக்கத்துச் சராசரி இருக்கும், இன்னொன்றில் வெறும் யோசனை மட்டும் இருக்கும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போலப் பிரிக்கும். கோட்டுச்சேரியில் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு ஒரே மனையில் இருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பிக்குச் சராசரியும் சிரித்த முகமும் போயிருக்கிறது. அண்ணனுக்கு, மோட்டாரைத் தொட்டி வழிகிற வரைக்கும் ஓட விடாதீர்கள் என்று யோசனை போயிருக்கிறது. அண்ணன் ஆபீசுக்கு வந்துவிட்டார். குலுக்கிப் போட்டதுதான், வேண்டுமென்று செய்யவில்லை என்று மேடம் விளக்கினார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்: “பாகம் பிரிச்சப்பவும் குலுக்கித்தாம்மா போட்டோம்னாங்க.”

மாப்பிள்ளை ரூம்

எங்கள் ஊரில் சில பாய் வீடுகளில் கல்யாணமானால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதற்கென்று மாடியில் ஒரு ரூம் எழுப்பி, பெயின்ட் அடித்து, கட்டில் போட்டு, ஏசி மாட்டி வைப்பார்கள். நாற்பது வருஷம் ஏசி இல்லாமல் வாழ்ந்த குடும்பம் கூட அந்த ரூமுக்கு மட்டும் மாட்டிவிடும். இது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்த மறுமாதமே ஒரு வீட்டுக்கு வாடின முகம் போய்விட்டது. கூடவே, ஏசியை இருபத்தாறில் வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை வேறு.

பெண்ணைப் பெற்றவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எனக்குப் பழக்கமான ஆள். கடை வாசலில் நான் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கணக்குப்பிள்ளை காதில் விழாதபடி குனிந்து கேட்டார்: “கலியபெருமாள், மாப்பிள்ளை கதவைத் தட்டி ரெண்டு மணி நேரம் ஆச்சு நிறுத்துங்கன்னு நான் போய்ச் சொல்லட்டுமா, நீங்க வந்து சொல்றீங்களா?”

கஞ்ச வீடு

சிரித்த முகம் வாங்கியவர்களாவது சந்தோஷப்பட்டார்களா என்று கேட்பீர்கள். நெரவியில் ஒரு வாத்தியார் வீட்டுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் சிரித்த முகம். அந்தத் தெருவிலேயே குறைவு அவர்கள் வீடுதான். நாலாவது மாதம் யூனிட் ஒரேயடியாக ஏறிவிட்டது. விசாரிக்கப் போனேன். கூடத்தில் புது விளக்கு, புது ஃபேன், வாசலில் கூடப் பட்டப்பகலில் ஒரு பல்பு எரிந்தது. வாத்தியார் வீட்டம்மா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை: “பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல, தெருவுலயே குறைச்சல் நாங்கதான்னு மூணு மாசமா எழுதுறீங்க. ஃபேன் போடக்கூட வக்கில்லாத வீடுன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?”

மெயில் இருக்கிறவர் வீட்டில் இல்லை

இத்தனைக்கும் நடுவில் மேடத்துக்கு ஒரு சந்தோஷம். திறக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சிலர் நாலு தடவை ஐந்து தடவை திறந்து படித்தார்கள். எந்த ஊரில் திறக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று எதையோ தட்டினார். குவைத், துபாய், கத்தார், சிங்கப்பூர், பாரிஸ். நம் ஊர் தேடித் தேடித்தான் கிடைத்தது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். கரண்டு ஆபீசில் ஃபாரம் நிரப்பும்போது மெயில் முகவரி கேட்டிருப்பார்கள். வீட்டில் யாரிடம் மெயில் இருக்கும்? வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம், புருஷனிடம். அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறவருக்கு மெயில் இல்லை, மெயில் இருக்கிறவர் வீட்டில் இல்லை. நாங்கள் ஃபேனை நிறுத்தச் சொன்னது பாலைவனத்தில் இருக்கிறவருக்கு.

வீடு வீடாகப் போய்ப் புது முகவரி வாங்க நாலைந்து மாதம் ஆகும், அதுவரைக்கும் நிறுத்தி வைக்கலாமா என்று மேடம் என்னைக் கேட்டார். இந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். “போகட்டும்மா, எப்படியும் சேதி வீட்டுக்குத்தானே வந்து சேருது” என்றேன். சேதி வந்து சேர்ந்தது உண்மைதான். எப்படிச் சேர்ந்தது என்று மீன் மார்க்கெட்டில் ஒரு பெண் சொன்னாள். புருஷன் துபாயில். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகத்தான் சொன்னாள்: “உங்க மெயிலு அங்க போயி, அவர் படிச்சு, அப்புறம் போன்ல எனக்கு வருது மாமா. வர்ற வழியில ரொம்ப சூடாயிடுது.”

புது பிரிட்ஜ்

மெயிலுக்குப் பதில் எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரில் ஒருவன் சலீம். மோர் கொடுக்கிற ஜெய்னம்பு அம்மாவின் மகன். டிராயர் போட்ட பையனாக இருந்ததிலிருந்து எனக்குத் தெரியும், இப்போது குவைத்தில் இருக்கிறான். ‘மீட்டர் மாமா, எங்க வீட்டுக்கு ரெண்டு மாசமா வாடின முகம் வருது. வீட்டுல உம்மாவும் தங்கச்சி ஹமீதாவும் மட்டும்தான். ரெண்டு பேருக்கு எப்படி இவ்வளவு ஓடும்? ஹமீதாகிட்ட கேட்டா பழைய பிரிட்ஜுதான் இழுக்குதுங்கிறா’ என்று எழுதியிருந்தான்.

பழைய பிரிட்ஜ் இழுக்கும்தான். நானும் மேடமும் சேர்ந்து பதில் எழுதினோம். அவன் குவைத்திலிருந்தே ஏற்பாடு பண்ணி, ஒரு வாரத்தில் வீட்டு வாசலில் புது பிரிட்ஜை இறக்க வைத்துவிட்டான். அதற்கும் அடுத்த மாதம் வாடின முகம்தான் போனது. அந்தச் சமயத்தில் ஹமீதாவைத் தபாலாபீஸ் பக்கம் பார்த்தேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில், இவள் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிரிட்ஜ் எப்படி என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. “அண்ணனுக்கு இனிமே யோசனை எதுவும் எழுதாதீங்க மாமா. பழைய பிரிட்ஜு நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.”

சிரித்த முகம்

அதற்கும் அடுத்த மாதம் அந்த வீட்டு யூனிட் படாரென்று விழுந்தது. சலீமுக்குச் சிரித்த முகம் போனது. மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. நம் மெயிலால் அதிகம் குறைத்த வீடு இதுதான், ஒரு எட்டுப் போய் எப்படிக் குறைத்தார்கள் என்று கேட்டு வாருங்கள், பேர் போடாமல் அடுத்த மெயிலில் எழுதலாம் என்றார். பாராட்டப் போகிறோமே என்று ஒரு சீப்பு ரஸ்தாளி வாங்கிக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்குப் போனேன்.

ஹமீதா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஜெய்னம்பு அம்மா கட்டில் ஓரத்தில் குனிந்து, முழங்கால் மேல் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நாவப்பழம் தின்ற மாதிரி இருந்தது. பக்கத்தில் சூட்கேஸ் உயரத்துக்கு ஒரு மெஷின். மூச்சுக்குக் காற்று கொடுக்கிற மெஷின், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அது ஓடவில்லை. அதன் குழாயை வளையமாகச் சுற்றிக் கட்டில் காலில் மாட்டியிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்பது போல ஒரு விரலைக் காட்டினார்.

சுவிட்சைப் போட்டேன். குழாயை எடுத்துக் கொடுத்தேன், அவரே மூக்கில் மாட்டிக்கொண்டார். மெஷின் புஸ் புஸ் என்று ஓட ஆரம்பித்தது. உதட்டில் நிறம் திரும்புகிற வரைக்கும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். மூச்சுக் கோளாறு வந்து நாலு மாதம் ஆகிறது. சலீமுக்குத் தெரியாது. அவன் வாப்பா மௌத்தானபோது அடக்கத்துக்கு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான், மறுபடி ஒரு வேலை கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. இந்தத் தடவை ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால்தான் பிரிட்ஜ் மேல் பழி. பிரிட்ஜ் மாறியும் முகம் வாடியே வந்ததும், மகன் சந்தேகப்படுவான் என்று, மகள் பள்ளிக்கூடம் போன பிறகு பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறார். மகளுக்கே தெரியாமல். “மூணு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா சிரிச்ச முகம் வந்துடுதுல்ல” என்றார், ஏதோ சமையல் பக்குவம் சொல்கிற மாதிரி.

ஹமீதாவுக்குப் போன் பண்ணினேன். ஆட்டோவில் ஓடி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். உம்மாவின் மருந்துச் சீட்டுகளை எடுத்துப் பையில் போட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஃபேனைக் குறைக்கச் சொன்னீங்க, ஏசியைக் குறைக்கச் சொன்னீங்க, சரி. எங்க உம்மாவை மூச்சைக் குறைக்கச் சொன்னது யாரு மாமா?”

நாக்கு இடறிய இடம்

டாக்டர் என்ன சொன்னார் என்று ஹமீதா போனில் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் இதயத்தைப் பாதித்திருக்குமாம், ஒரு மணி நேரம் கூட அவராக நிறுத்தக் கூடாதாம். மறுநாள் ஆபீசுக்குப் போய் என் பேரை மெயிலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். மேடம் அந்த வாரம் போக வேண்டிய மெயில் எல்லாவற்றையும் நிறுத்தினார். பிறகு, “கூடுறதுக்கு இப்படி ஒரு மெஷின் காரணமா இருக்கும்னு நான் யோசிக்கவே இல்லை ஐயா. குறைஞ்சா நல்லதுன்னு மட்டும்தான் யோசிச்சேன்” என்றார். இரண்டு பேரும் கிளம்பி ஜெய்னம்பு அம்மா வீட்டுக்குப் போனோம்.

மேடத்தின் போனில் அன்று காலை சலீமின் பதில் வந்திருந்தது. அதை மறைத்து வைக்க எனக்கு மனசில்லை. உங்கள் மகன் எழுதியிருக்கிறான் என்றேன். படியுங்கள் என்றார். சத்தம் போட்டுப் படிப்பதுதானே என் வேலை, படித்தேன். ‘மீட்டர் மாமா, சிரிச்ச முகம் வந்துடுச்சு. பிரிட்ஜுதான் காரணம்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. உம்மா போன்ல சரியாப் பேசுறதில்ல, படம் தெரியுற மாதிரி கூப்பிட்டா எடுக்குறதே இல்ல. கணக்குக் கூடிப்போச்சேன்னு நான் கேட்டதுல கோபம்னு நெனைக்கிறேன். இனிமே கோபம் போயிடும்.’ கோபம் என்கிற இடத்தில் என் நாக்கு இடறியது. மேடம் அதைக் கவனித்தார்.

ஜெய்னம்பு அம்மா முழுக்கக் கேட்டார். “இதுக்கு என்ன எழுதப் போறீங்க?” என்று கேட்டார். எனக்கு ஒரு குழப்பம். ஒரு வீட்டுக் கணக்கை அடுத்த வீட்டில் சொல்வதில்லை என்று முப்பது வருஷம் இருந்தவன். குவைத்தில் இருக்கிற பிள்ளை அடுத்த வீடா, இதே வீடா? “நீங்க சொல்றதை எழுதுறேம்மா. எழுத வேணாம்னா எழுதலை” என்றேன். அவர் முக்காட்டை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டார். மூக்குக் குழாயைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை, அதையும் நேராக்கிக்கொண்டார். “போனைப் போடு ஹமீதா, படம் தெரியுற மாதிரி” என்றார். நாங்கள் எழுந்தோம். அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “சிரிச்ச மூஞ்சியை எம் மவனுக்கு நீங்க ஒண்ணும் அனுப்ப வேணாம். இருக்கிற மூஞ்சியை நானே காட்டிக்கிறேன்.”

குவைத்திலிருந்து

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், அது அந்த வீட்டு விஷயம். சலீம் வேலையை விடவில்லை. பதினைந்து நாள் லீவில் வந்தான், உம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், திரும்பிப் போனான். போன கரண்டு வந்தால்தான் மெஷின் ஓடும் என்றில்லாமல் ஒரு இன்வெர்ட்டரும் மாட்டிவிட்டுப் போனான். என் யோசனையைக் கேட்கவில்லை.

மெயில் மாறிவிட்டது. இப்போது முகமே கிடையாது. வீட்டில் இருக்கிறவரைக் கேட்காமல் வெளிநாட்டுக்கு எதுவும் போவதில்லை. முதல் வரியை நான் சொல்ல மேடம் எழுதினார்: ‘உங்கள் வீட்டில் நிறுத்தக் கூடாதது ஏதாவது ஓடுகிறதா? இருந்தால் எழுதுங்கள். அது ஓடட்டும், மற்றதைப் பற்றிப் பேசுவோம்.’ பதில் எழுதாத ஜனங்கள் இதற்கு எழுதினார்கள். ஊசி மருந்து வைக்கிற பிரிட்ஜ் என்று ஒருவர், படுக்கையில் கிடக்கிறவருக்குக் காற்று மெத்தை என்று ஒருவர். நாலைந்து பேர் மாப்பிள்ளை ரூம் ஏசி என்று எழுதினார்கள். மேடம் என்னைப் பார்த்தார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என் பேரை எடுத்துவிடுவது பற்றி ஜெய்னம்பு அம்மாவிடம் கேட்டேன். பேரை எடுத்துவிட்டால் யாரைப் பிடித்துத் திட்டுவது, இருக்கட்டும் என்றுவிட்டார். மோரும் பழையபடி வருகிறது, இப்போது ஹமீதா கொண்டுவந்து கொடுக்கிறாள். கொடுக்கும்போது சிரிக்கிறாளா என்று பார்ப்பேன். பாதி சிரிப்பாள்.

சோதனை வருஷம் இன்னும் முடியவில்லை, ஆபீஸ் நிலைக்குமா என்று தெரியாது. குவைத்திலிருந்து போன மாதம் ஒரு மெயில் வந்தது. இரண்டே வரி. மேடம் அதைக் காகிதத்தில் எடுத்து என் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்: “மீட்டர் மாமா, எங்க வீட்டு யூனிட் கூடினா எனக்கு எழுத வேணாம். குறைஞ்சா மட்டும் உடனே சொல்லுங்க.”

ஊர் முழுக்கக் கரண்டைக் குறைக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற நான், மாதம் பிறந்து கணக்கு வந்தவுடன் ஒரு வீட்டில் மட்டும் குறையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மற்ற வேலையை ஆரம்பிக்கிறேன்.